அறச்சலூர்ப் பாறையிலிருந்து தொடங்குங்கள்: இசை வரலாற்றுத் தாள் பற்றி ஒரு திறந்த மடல்

இசைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கமுங்க. கொங்கு நாட்டில் இசை வரலாறு கற்பிக்கிறவர்கள் சிலர் சேர்ந்து எழுதுகிறோம். கேட்பது ஒன்றுதான். இசை வரலாற்றுத் தாள் இன்று ஒப்பிக்கும் தாளாக இருக்கிறது. அதைச் சான்று பார்க்கும் தாளாக மாற்றிக் கொடுங்கள். கல், ஏடு, இசைத்தட்டு, பாடுகிறவரின் தொண்டை என்று நாலு வகைச் சான்றும் கோவையிலிருந்து ஒரு நாளில் போய்த் திரும்பும் தூரத்திலேயே கிடக்கின்றன.

இப்போது பாடம் எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆசிரியர் குறிப்புச் சொல்லுவார், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், தேர்வில் அதையே திருப்பி எழுதுவார்கள். குறிப்பில் ஒரு பிழை இருந்தால் அது மூன்று தலைமுறைக்குப் பேரன் பேத்தி எடுக்கும். முத்துசாமி தீட்சிதர் பிறந்த ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலில் 1775, இன்னொன்றில் 1776. எது சரி என்று மாணவர் கேட்டால் ‘பாடநூலில் உள்ளதை எழுது’ என்பதே பதில். மரபாகச் சொல்லும் குறிப்பு மன்மத ஆண்டு, பங்குனி மாதம், கார்த்திகை நட்சத்திரம். மன்மத ஆண்டு 1775 ஏப்ரலில் பிறந்து 1776 ஏப்ரலில் முடிந்தது. பங்குனி அதன் கடைசி மாதம். ஆகவே அந்தப் பங்குனி 1776இல்தான் வரும். மன்மத என்றால் 1775 என்று ஆண்டை மட்டும் மாற்றி, மாதத்தைக் கவனிக்காமல் விட்டால் ஓராண்டு சறுக்கும். தியாகராஜர் மறைந்தது பராபவ ஆண்டு புஷ்ய பகுள பஞ்சமி, அதாவது புஷ்ய மாதத் தேய்பிறையின் ஐந்தாம் நாள். பராபவ பிறந்தது 1846இல், ஆனால் அந்தப் பஞ்சமி விழுந்தது 1847 ஜனவரி 6. தை, மாசி, பங்குனி மூன்றுக்கும் ஒன்றைக் கூட்டு என்ற இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் போதும். மார்கழியின் பின்பாதிக்கும் அதே கணக்குதான். அறுபது ஆண்டுப் பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்தால் மிச்சத்தைப் பிள்ளைகளே போட்டுவிடுவார்கள்.

இனிப் பாறைக்கு வருவோம். ஈரோட்டிலிருந்து காங்கேயம் போகும் சாலையில் அறச்சலூர். அங்குள்ள நாகமலையில் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் ஐந்துக்கு ஐந்தாக ஒரு கட்டம் வெட்டியிருக்கிறார்கள். முதல் வரி ‘த தை தா தை த’. இரண்டாவது ‘தை தா தே தா தை’. மூன்றாவது ‘தா தே தை தே தா’. நாலாவது வரி இரண்டாவதாகவும் ஐந்தாவது வரி முதலாவதாகவும் திரும்பிவிடும். இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும், மேலிருந்து இறங்கினாலும் கீழிருந்து ஏறினாலும் ஒன்றே. எழுத்துகளைப் புணர்த்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று பக்கத்திலேயே பெயரும் இருக்கிறது. வண்ணக்கன் என்றால் மணியோ பொன்னோ நோட்டம் பார்க்கிறவன். படியூரில் பச்சைக்கல் எடுத்து, கொடுமணலில் பட்டை தீட்டிய நாட்டில் அப்படி ஒருவன் ஆடலெழுத்தைக் கல்லில் அடுக்கியதில் வியப்பில்லை.

பாடநூல்களில் இது ‘தமிழகத்தின் பழமையான இசைக் கல்வெட்டு’ என்ற ஒரே வரியோடு முடிந்துவிடும். வகுப்பில் செய்ய வேண்டிய வேலையோ நிறைய. ஐந்து எழுத்தைக் கண்டதும் நமது பிள்ளைகள் ‘கண்ட நடை’ (ஐந்தைந்தாக எண்ணும் தாள நடை) என்று எழுதிவிடுவார்கள். அவர்களை மாத்திரை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று வைத்தால் முதல் வரி எட்டு, அடுத்த மூன்று வரியும் பத்துப் பத்து, கடைசி வரி மறுபடி எட்டு. வரிக்கு வரி அளவு ஒக்காதபோது அதைக் கண்ட நடை என்று எந்தக் கணக்கில் சொல்வது? எழுத்துக்கு ஒரு அடி என்று வைத்தால் வரிக்கு ஐந்து என்று ஒக்கும். ஆனால் அப்படித்தான் கொட்டினார்கள் என்று கல் சொல்லவில்லை. இது ஆட்டத்துக்குரிய சொற்கட்டா (தாளத்துக்குச் சொல்லும் ஒலிக்கோவையா), கொட்டுக்குரியதா, எழுத்தை வைத்து விளையாடிய சித்திரக்கவியா என்பதும் கல்லில் இல்லை. காலத்தையும் எழுத்தமைதியை வைத்தே சொல்கிறார்கள். 2ஆம் நூற்றாண்டு என்பாரும் உண்டு, 4ஆம் நூற்றாண்டு என்பாரும் உண்டு. சான்று எதைச் சொல்கிறது, எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கிறது என்று பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல முதல் பாடம் கிடைக்காது.

அங்கே போகும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. தொல்லியல் துறையின் அனுமதிக் கடிதம் இல்லாமல் மைப்படி (கல்மேல் தாள் ஒட்டி மை தடவி எடுக்கும் படி) எடுக்கக் கூடாது. எழுத்துத் தெரியவில்லையே என்று சுண்ணக்கட்டியால் தேய்ப்பதும் வண்ணம் பூசுவதும் கல்லைக் கெடுக்கும். அதைவிடக் கேடு, பூசியவர் தான் நினைத்த எழுத்தைத்தான் பூசுவார். அடுத்து வருகிறவர் கல்லைப் படிக்காமல் பூச்சைப் படிப்பார். காலை ஏழு மணிச் சாய்வெயிலிலோ, கைவிளக்கைப் பாறையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தோ படம் எடுத்தால் போதும். ஒரே இடத்தை நாலு பக்கத்திலிருந்தும் ஒளி விழவிட்டு நாலு படம் எடுக்க வேண்டும். ஒரு பக்க ஒளியில் மறையும் கீறல் மறுபக்க ஒளியில் எழுந்து நிற்கும். படத்துக்குள் ஓர் அளவுகோல் இருக்கட்டும்.

குடுமியான்மலைக் கல்வெட்டு கொங்கில் இல்லை, புதுக்கோட்டைப் பக்கம். ஆனாலும் எந்த இசை வரலாற்றுத் தாளும் அதை விடாது, விடவும் கூடாது. அங்கே நடக்கும் தவறு வேறு. ‘மகேந்திரவர்மன் வெட்டிய இசைக் கல்வெட்டு’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறார்கள். கல்வெட்டின் முடிவில் இருப்பது, உருத்திராசாரியரின் மாணவனான ஒரு பரம மாகேசுவர (தீவிர சிவபக்தனான) அரசன் மாணாக்கர் நன்மைக்காகச் செய்தான் என்பது மட்டுமே. அரசன் பெயர் இல்லை. மகேந்திரன் என்பது ஊகம், அதை மறுப்பவர்களும் உண்டு. பெயர் இல்லை என்பதைச் சொல்லிவிட்டு ஊகத்தைச் சொன்னால் பாடம். ஊகத்தை மட்டும் சொன்னால் அது வெறும் வதந்தி.

ஏடும் அச்சும் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லாரின் ஊர் நிரம்பை. அவரைக் கொங்கு மண்டல சதகம் நம் நாட்டவர் என்று பாடுகிறது. அரங்கேற்று காதைக்கு அவர் எழுதிய உரை இல்லாவிட்டால் பழந்தமிழ் இசையின் பாதிச் சொற்களுக்கு நமக்குப் பொருள் தெரியாது. அவர் மேற்கோள் காட்டும் பழைய இசை நூல்களில் ஒன்று பஞ்சமரபு. நெடுநாள் மேற்கோளாக மட்டுமே தெரிந்திருந்த அந்த நூலின் ஏட்டைத் தேடிக் கண்டு, 1970களில் அச்சேற்றியவர் கொங்கு நாட்டுப் புலவர் வே.ரா. தெய்வசிகாமணிக் கவுண்டர். உரைகாரர் இந்த மண், நூலை மீட்டவரும் இந்த மண். இங்கே படிக்கிற பிள்ளை இந்த இரண்டு பெயரையும் கேள்விப்படாமலே பட்டம் வாங்கிக்கொண்டு போவது சரியா?

பெயர் தெரிந்தால் மட்டும் போதாது, ஏடு படிக்கத் தெரிய வேண்டும். பழஞ்சுவடியில் மெய்க்குப் புள்ளி இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு, ஒகர ஓகாரமும் அப்படியே. துணைக்காலும் ரகரமும் ஒரே உருவம். ஏழிசையில் ஒன்றான ‘தாரம்’ ஏட்டில் ‘தரரம’ என்று நிற்கும், ‘துத்தம்’ என்பது ‘துததம’ என்று கிடக்கும். பாட்டு என்றால் யாப்பைப் பிடித்துக்கொண்டு திருத்தலாம். சொற்கட்டுக்கு அந்தத் துணையும் கிடையாது. ‘தெ’யா ‘தே’யா என்பது கால அளவையே மாற்றும், பதிப்பித்தவர் ஒன்றைத் தேர்ந்திருப்பார், நாம் அதையே ஏடு என்று நம்பிக்கொண்டிருப்போம். பத்து ஏட்டின் படங்களைக் கொடுத்து, வாரம் ஓர் ஏடாகப் பெயர்த்தெழுதச் சொன்னால் ஒரு பருவத்தில் கை பழகிவிடும்.

அடுத்து ஏழு பாலை, அதாவது ஏழு சுரங்களில் ஒவ்வொன்றையும் ஆதாரமாக வைத்துப் பிறக்கும் ஏழு பழந்தமிழ்ப் பெரும்பண். இதைப் பட்டியலாக மனப்பாடம் செய்ய வைப்பது அநியாயம். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு சுரத்துக்கும் அலகு (சுருதியின் நுண்ணளவு) முறையே 4, 4, 3, 2, 4, 3, 2, ஆக 22. இதிலிருந்து தொடங்கி, முதல் பாலையான செம்பாலை எது என்பதில் அறிஞர்கள் பிரிகிறார்கள். 1917இல் கருணாமிர்த சாகரம் தந்த ஆபிரகாம் பண்டிதர் சங்கராபரணம் என்றார். 1947இல் யாழ் நூல் தந்த விபுலாநந்தர் அரிகாம்போதி என்றார். இரண்டையும் எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால் ஓர் ஆர்மோனியத்தை நடுவில் வைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் வேறுபாடு காதில் விழும்.

அரிகாம்போதியை வாசித்துவிட்டு, அதே கட்டைகளில் ரிஷபத்தை ஆதாரமாக வைத்து ஏறுங்கள். நடபைரவி வரும். இது படுமலைப்பாலை. காந்தாரத்திலிருந்து ஏறினால் பஞ்சமம் கிடைக்காது, இரண்டு மத்திமம் வரும். இதுதான் செவ்வழிப்பாலை. மத்திமத்திலிருந்து சங்கராபரணம், அரும்பாலை. பஞ்சமத்திலிருந்து கரகரப்பிரியா, கோடிப்பாலை. தைவதத்திலிருந்து தோடி, விளரிப்பாலை. நிஷாதத்திலிருந்து கல்யாணி, மேற்செம்பாலை. இப்போது சங்கராபரணத்தைச் செம்பாலையாக வைத்து முதலிலிருந்து செய்யுங்கள். அதே ஏழு இராகமும் வரும், ஆனால் இடம் மாறும். பஞ்சமம் இல்லாத அந்தப் பாலை மூன்றாவதிலிருந்து நழுவிக் கடைசிக்குப் போய் மேற்செம்பாலையாகிவிடும். ஆகவே கேள்வி ‘யார் சொன்னது சரி’ என்பதிலிருந்து ‘நூல்களில் செவ்வழி பற்றியும் மேற்செம்பாலை பற்றியும் என்ன குறிப்பு இருக்கிறது, எந்த வைப்புக்கு அது பொருந்துகிறது’ என்று மாறும். அந்த மாற்றம் மாணவருக்குள் நடந்த நாளிலிருந்து அவர் வரலாறு படிக்கத் தொடங்கிவிட்டார் என்று கொள்ளலாம். ஆர்மோனியம் சம அளவாகச் சுருதி சேர்த்தது, அதில் 22 அலகு கேட்காது என்பதையும் ஆசிரியர் மறக்காமல் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இருபத்திரண்டையும் கட்டையில் தேடுவார்கள்.

தேவாரம் நடத்த நமக்குக் கொங்கேழ் தலம் இருக்கிறது. பவானிக்கும் கொடுமுடிக்கும் சம்பந்தர் பாடியது காந்தாரம் என்ற பண் (சுரம் அல்ல). திருச்செங்கோட்டுக்கு வியாழக்குறிஞ்சி. கரூருக்கு இந்தளம். வெஞ்சமாக்கூடலில் சுந்தரர் பாடியது கொல்லிக்கௌவாணம். கொடுமுடி நமச்சிவாயப் பதிகமும் திருமுருகன்பூண்டிப் பதிகமும் பழம்பஞ்சுரம். அவிநாசி குறிஞ்சி. ஏழு ஊருக்குள் ஆறு பண். இன்று ஓதுவார்கள் பழம்பஞ்சுரத்தைச் சங்கராபரணத்திலும், குறிஞ்சியை அரிகாம்போதியிலும் பாடுகிறார்கள். காந்தாரத்தையும் கொல்லிக்கௌவாணத்தையும் இரண்டையுமே நவரோசில் பாடுகிறார்கள். இரண்டு பெயர் கொடுத்துப் பிரித்து வைத்த பண்கள் ஒரே இராகத்தில் வந்து நிற்கின்றன என்றால் நடுவில் ஏதோ தேய்ந்திருக்கிறது. சுந்தரர் சங்கராபரணத்தில் பாடினார் என்று விடைத்தாளில் எழுதுவதற்கு மதிப்பெண் போடாதீர்கள். பண்ணின் பெயர், அதைத் திருமுறை தொகுத்தவர்கள் வகுத்த வரிசை, பாட்டின் கட்டளை (அடிகளின் சந்த அளவு), இன்று பாடும் மெட்டு என்ற நாலும் நாலு காலத்துச் சான்று. இவற்றுள் கட்டளை பாட்டின் சொல்லிலேயே கட்டுண்டு கிடப்பதால் உறுதி அதிகம். மெட்டு வாய்வழி வந்தது, ஆகவே உறுதி குறைவு. கொடுமுடிப் பதிகத்தையும் பூண்டிப் பதிகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடி அளந்து பார்த்தால் ஒரே பண்ணுக்குள் நடை எப்படி மாறுகிறது என்று தெரிந்துவிடும்.

இசை வரலாறு என்றால் இராகமும் தாளமும் மட்டும்தானா? கரூரில் கோனேரிமைகொண்டான் என்ற பட்டப்பெயரோடு ஓர் அரசன் கொடுத்த ஆணைக் கல்வெட்டு ஒன்று உண்டு. கம்மாளர்கள் (கொல்லர், தச்சர் போன்ற கைவினைஞர்கள்) தங்கள் நன்மை தின்மைக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை முதலியவை கொட்டலாம், வெளியே போகும்போது செருப்பு அணியலாம், வீட்டுக்குச் சாந்து பூசலாம் என்று பதினைந்தாம் ஆட்சியாண்டு ஆடி மாதம் முதல் உரிமை தருகிறது அது. ஓலை கொடுத்து அனுமதிக்க வேண்டியிருந்தது என்றால் அதற்கு முன் அந்த உரிமை இல்லை அல்லது தகராறில் இருந்தது என்றுதானே பொருள்? எந்தக் கருவியை யார், எந்த வீட்டு வாசலில் வாசிக்கலாம் என்பது செருப்போடும் சுவர்ப்பூச்சோடும் சேர்த்து எண்ணப்பட்ட காலம் அது. பறையும் தவிலும் கொம்பும் வாசிக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். இந்தக் கல்வெட்டை அவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதே இல்லை.

இசைத்தட்டுக்கு வருவோம். கொடுமுடியில் 1908இல் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் நாடக மேடையிலிருந்து இசைத்தட்டுக்கும், 1935இல் நந்தனார் வேடத்தோடு திரைக்கும் போனவர். அவர் காலத்துப் பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் பிடிக்கும். மேடையில் அரை மணி நேரம் விரிந்த பாட்டு மூன்று நிமிடமாகச் சுருங்கியதைக் கேட்டுவிட்டு ‘அந்தக் காலத்தில் ஆலாபனை குறைவு’ என்று எழுதுவது பெரிய தவறு, அடிக்கடி நடக்கும் தவறு. இன்னொன்று வேகம். 78 என்று பெயர் இருந்தாலும் எல்லாத் தட்டும் நிமிடத்துக்குச் சரியாக 78 சுற்றில் வெட்டியவை அல்ல. 74 சுற்றில் வெட்டியதை 78இல் ஓட்டினால் சுருதி கிட்டத்தட்ட அரைக்கட்டை ஏறும், மூன்று நிமிடப் பாட்டில் ஒன்பது வினாடி குறையும். ‘அவர் இத்தனை கட்டையில் பாடினார்’ என்று தட்டை மட்டும் நம்பிச் சொல்ல முடியாது. உடன் ஒலிக்கும் ஆர்மோனியத்தின் சுருதியைத் துணைக்கு வைத்து வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க வேண்டும்.

தட்டை நல்ல தண்ணீரில் ஒரு சொட்டு மென்சோப்பு விட்டுக் கழுவலாம். ஸ்பிரிட் மட்டும் படக்கூடாது, அரக்குத் தட்டு கரைந்துவிடும். பிற்காலத்து எல்.பி. தட்டுக்கு உரிய மெல்லிய ஊசியை வைத்தால் அகலமான பள்ளத்தின் அடியில் உள்ள தூசியைத்தான் அது படிக்கும். ஏறத்தாழ 75 மைக்ரான் ஊசி வேண்டும். படுக்கவைத்து அடுக்காமல் நிறுத்தி வைக்க வேண்டும். உறையையும் தட்டின் நடுச்சீட்டையும், சீட்டை ஒட்டிய வெற்றிடத்தில் கீறியுள்ள எண்ணையும் படம் எடுத்துக்கொண்டால் பதிப்புக் காலத்தைத் தேட அதுவே நூல்முனை.

கடைசியாகத் தொண்டை. கொங்கு நாட்டுக் கதைப்பாட்டான அண்ணன்மார் கதையை உடுக்கையடித்துப் பாடுகிறவர்கள் குறைந்துவருகிறார்கள். அவர்களைக் கல்லூரி அரங்குக்கு அழைத்து ஒரு மணி நேரம் பாடச் சொல்வதைப் பதிவு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பல இரவு நீளும் கதையை அங்கே சுருக்கி, பின்பாட்டுக்காரர் இல்லாமல், கேட்பவர் யாரும் அருள் வந்து ஆடாமல் பாடுவார். கிடைப்பது வேறொரு பொருள். ஊரில், நேர்ந்துகொண்டவர் வீட்டுச் செலவில் நடக்கும் இரவில்தான் பதிய வேண்டும், அதுவும் பாடுகிறவர் சம்மதம் சொன்ன பிறகு. உடுக்கையின் அடி பாட்டை அமுக்கிவிடும் என்பதால் ஒரு மைக் வாய்க்கு நேராகவும் இன்னொன்று சற்றுத் தள்ளியும் வைத்து, உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வைக்க வேண்டும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. மணிக்கு ஒரு ஜிபி ஆகும், ஆகட்டும். கைப்பேசி தானே ஒலியைக் கூட்டிக் குறைப்பதால் உடுக்கை அதிரும்போதெல்லாம் குரல் பதுங்கும். அதில் பதிந்ததை வைத்துப் பின்னால் எந்த ஆய்வும் செய்ய முடியாது. பதிவோடு ஒரு தாள்: நாள், ஊர், யார் வீட்டு நேர்ச்சை, யாரிடம் கற்றார், எந்தக் கட்டம் தொடங்கி எந்தக் கட்டம் வரை. இந்தத் தாள் இல்லாத கேசட்டுகள் எத்தனையோ வீட்டுப் பரணில் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன, யார் பாடியது என்று சொல்ல ஆளில்லை.

இத்தனைக்கும் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். வாரம் நாலு மணி, பதினைந்து வாரம் என்றால் 60 மணி. வாழ்க்கை வரலாறுகளை வீட்டில் படிக்கச் சொல்லிவிட்டால் பாதி நேரம் மிச்சம். கல்லுக்கு 10, ஏட்டுக்கு 14, பாலைக்கும் பண்ணுக்கும் 16, தட்டுக்கு 8, களப்பதிவுக்கு 12 என்று பிரித்துப் பாருங்கள். தேர்வில் 40 மதிப்பெண்ணைக் களப்பதிவேட்டுக்கு ஒதுக்குங்கள். எழுத்துத் தேர்வில் ‘கட்டுரை வரைக’ என்று கேட்பதற்குப் பதில் ஒரு கல்வெட்டு வரி, ஓர் ஏட்டுப் படம், ஒரு தட்டின் நடுச்சீட்டு மூன்றையும் அச்சிட்டுக் கொடுத்து, ‘இவற்றால் உறுதியாகச் சொல்லக்கூடியது எது, சொல்ல முடியாதது எது’ என்று கேளுங்கள். இதைத் திருத்துவது கடினம் என்பது உண்மைதான். விடைக்குறிப்போடு திருத்தும் ஆசிரியர்களுக்கு முதல் ஆண்டு இரண்டு நாள் பயிற்சி தேவைப்படும்.

கருவிச் செலவும் பெரிதல்ல. கல்லூரிக்கு ஒரு ஒலிப்பதிவுக் கருவி, இரண்டு மைக், வேகம் மாற்றக்கூடிய ஒரு தட்டு ஓட்டி, இரண்டு கைவிளக்கு. இவற்றைவிட அவசரம் தமிழில் மூலம். கல்வெட்டுத் தொகுதிகள் ஆங்கில முன்னுரையோடும் கிரந்தத்தோடும் நிற்பதால் மாவட்ட இசைப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளை முதல் பக்கத்திலேயே மூடிவிடுகிறது. இசை தொடர்பான முப்பது கல்வெட்டுகளை மூலம், பொருள், படம் மூன்றோடும் ஒரு சிறு தொகுப்பாக அச்சிட்டுக் கொடுங்கள். பேருந்து ஏற்பாட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நாகமலைக்கான அனுமதிக் கடிதம் மட்டும் ஐப்பசிக்குள் கைக்கு வந்துவிட வேண்டும். மாசி தாண்டினால் பாறை சுடும், பதினோரு மணிக்கு மேல் அங்கே நிற்க முடியாது.

இப்படிக்கு,
இசை வரலாறு கற்பிப்போர் சிலர்,
கோவை, ஈரோடு, கரூர்.